சுமார் என்றது அணில்

கரடி புதிதாக ஐஸ்கிரீம் கடை போட்டது. தங்கத்தாள் சுற்றிய, ஹேசல்நட் கொட்டை வைத்த சாக்லேட் உருண்டை இருக்கிறதல்லவா, அதையே ஐஸ்கிரீமாக்கி ஒரு டப்பா நிறைய வைத்திருந்தது. கொட்டை விஷயத்தில் அணில் சொன்னால் காடே கேட்கும் என்பதால், முதல் கரண்டியை அதனிடம்தான் நீட்டியது.

வாயில் வைத்ததும் அணிலுக்கு வால் நுனிவரை சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால் ஆற்றங்கரை வரை வரிசை நிற்கிறது. இத்தனை பேரும் தின்றால் நமக்கு என்ன மிஞ்சும் என்று பகீரென்றது.

"சுமார்தான்," என்று உதட்டைப் பிதுக்கியது.

வரிசை கலைந்துவிட்டது. கரடியின் முகம் தொங்கிப்போனது.

"யாருக்கும் வேண்டாம்னா நான் வச்சு என்ன செய்ய? நீங்களே கொண்டுபோங்க அண்ணே."

நல்ல பொருள் கிடைத்தால் அணிலுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். மரத்தடியில் குழி தோண்டி, மொத்தத்தையும் கொட்டிப் புதைத்து, சருகால் மூடியது. கோடைக்கு ஆகும்.

மறுநாள் ஆசை தாங்காமல் தோண்டினால், வெறும் ஈரமண். குழியிலிருந்து ஆற்றங்கரை வரை எறும்பு வரிசை.

"எப்படி இருந்தது?" என்று கேட்டது அணில்.

கடைசி எறும்பு வாயைத் துடைத்துக்கொண்டது.

"நீங்க சொன்னது சரிதான் அண்ணே, சுமார்தான். வேற எங்கயாவது புதைச்சிருக்கீங்களா?"