மேடையில் சொன்னது

குண்டசாலை ரூத் அக்கா சீனி வருத்தத்துக்குப் போடும் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். கேள்விப்பட்டதும் எட்வின் வேதாகமத்தோடு விழுந்தடித்துக்கொண்டு அவர் வீட்டுக் குசினியின் அடுப்படிக்கே போய்விட்டார்.

“கால் புண் ஆறலியே. மாத்திரையப் போடுங்க அக்கா.”

“விசுவாசிக்கு மருந்து எதுக்குன்னு ஆராதனையில சொன்னதுதானே.”

“வேதத்துல அப்படி இல்ல. தீமோத்தேயுவோட வயித்து நோவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னவரே பவுல்தான். இந்தாங்க, வாசிச்சுப் பாருங்க.”

அக்கா புத்தகத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“மேடையில சொன்னது பிழையாகுமா?”

“பிழைதான் அக்கா. சொன்ன நானே சொல்றேன், பிழை.”

அக்கா சிரித்துக்கொண்டே தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“குசினியில சொன்னா எப்படி பாஸ்டர்? ஞாயித்துக்கிழமை மேடையில ஏறிச் சொல்லுங்க, போட்டுக்கிறேன்.”