அடுப்படி அரசாங்கம்

பெண்களுக்கு ஓட்டு வேண்டுமா, வேண்டாமா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்த காலம். ஒரே அச்சாபீசில் ஒரே நாளில் இரண்டு துண்டு நோட்டீஸ்கள் பிறந்தன. "பெண்களுக்கும் ஓட்டு வேண்டும்" என்றது பச்சை நோட்டீஸ். "அடுப்படியே பெண்ணின் அரசாங்கம், ஓட்டு எதற்கு?" என்று கொட்டை எழுத்தில் கேட்டது ரோஸ் நோட்டீஸ்.

கடைத்தெருவில் யாரோ கொடுத்த இரண்டையும் துரைக்கண்ணு வாங்கி வந்து கூடத்தில் போட்டார். அவர் மனைவி லோகாம்பாள் எடுத்துப்போய்ச் சமையலறை அலமாரியில் விரித்து, மேலே மளிகைச் சாமான்களை அடுக்கினாள்.

ரோஸுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா, நேரா அரசாங்கத்துக்கே வந்துட்டேன்!"

பச்சையின் மேல் புளி ஜாடி இருந்தது.

முதல் நாள் ஈர விறகின் புகை ரோஸின் கண்ணைக் கரித்தது. இரண்டாம் நாள் எண்ணெய் சிந்திப் பாதி எழுத்து ஊறிப்போனது. அரசாங்க வேலை என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் லோகாம்பாள் நறுக்குவதற்காகக் கத்தரிக்காயை எடுத்தாள்.

"இன்னிக்கு முருங்கைக்காய் சாம்பார் வை" என்று கூடத்திலிருந்து துரைக்கண்ணுவின் குரல் வந்தது.

அவள் கத்தரிக்காயைத் திரும்பவும் கூடையில் போட்டாள்.

சாம்பார் கொதித்து இறக்கிய பிறகு ரோஸ் மெதுவாகக் கேட்டது: "ஏன் பச்சை, இந்த அரசாங்கத்துல ராஜினாமா பண்ணணும்னா யார்கிட்ட எழுதிக் கொடுக்கணும்?"

"ஐயாகிட்டதான்" என்றது பச்சை. "ஆனா அவர் அடுப்படிப் பக்கமே வரமாட்டார்."