வற்றிய நரம்பு

மலேசியாவில், ஸ்கூடாய்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கண் பிரிவில், ஐயாசாமியின் முழங்கைக்கு மேல் ரப்பர் வாரை இறுக்கிக் கட்டிவிட்டுத் தாதி ரூபினி நரம்பு தேடிக்கொண்டிருக்கிறாள். நான்கு முறை குத்தியாகிவிட்டது. புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து கை நரம்புகளைக் கருக்கியதோடு, கண்ணுக்குள் ஓடும் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிட்டது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணின் நடுவே புகை. கை வழியாக மஞ்சள் சாயம் ஏற்றிப் படமெடுத்தால்தான் அந்த ஒரு கண்ணையாவது காப்பாற்றலாமாம். "அங்கிள், கைய மூடித் திறங்க லா." "மூடி மூடித்தான் திறக்கிறேன். ஒனக்குக் குத்தத் தெரியல." மனைவி பேச்சியம்மாள் சிரிக்கிறாள். "ஆமா, மரத்துக்கு மருந்து பூசின மண்டோருக்குத் தெரியாத வேலையா?" அது நிஜம்தான். ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தபோது, வெட்டப்போகும் கித்தா மரங்களின் பட்டையில் மருந்து பூசி, கடைசிச் சொட்டுப் பால்வரை வடியவைத்தவர் அவர். பால் நின்ற மரத்தில் வெள்ளைச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் அடுத்த மரத்துக்குப் போவார். மறுநாள் ரம்பம் வரும்.

ஐந்தாவது ஊசியும் வெறுமையாகவே வெளியே வருகிறது. ரூபினி வாரை அவிழ்க்கிறாள். "நரம்பே இல்ல அங்கிள். இன்னைக்குப் படம் எடுக்க முடியாது." ஐயாசாமியின் குரல் இறங்குகிறது. "அந்தக் கையில பாரும்மா." "அதையும் பாத்தாச்சு." குத்திய இடத்தில் பஞ்சை வைத்து, இரண்டு வெள்ளைப் பிளாஸ்திரிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுகிறாள். அவர் கையைத் தூக்கி, புகையின் ஓரத்தால் அந்தப் பெருக்கல் குறியைப் பார்க்கிறார். அதற்குள் அவள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.