வாரியத்தில் ஒரு நாற்காலி

"இன்னாது, வாபஸா?"

சங்க அறையில் இருந்தவர்கள் சாமுவேலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஆமா, வாபஸ்தான். நான் நிக்கல. தௌசீப் பாய் இருக்காரு, அவரே போகட்டும்" என்றார் சாமுவேல்.

நகராட்சியில் துப்புரவு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊழியர்களின் ஓய்வூதிய வாரியத்தில் அதுவரை அதிகாரிகள் மட்டுமே உட்கார்ந்திருந்தார்கள். பென்ஷன் வாங்குகிறவர்களில் ஒருவருக்கும் அங்கே இடம் வேண்டும் என்று ஆம்பூரில் உண்ணாவிரதம் இருந்தார். வேலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் கிடந்தார். விதிகளை மாற்றும் வரை விடவில்லை. இப்போது ஒரு இடம் கிடைத்திருக்கிறது. அது அவருக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"பையனுக்கு எந்த ஷூ கம்பெனியில சூப்பர்வைசர் வேலை போட்டுத் தர்றேன்னாங்க மேஸ்திரி?" பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

சிரிப்பு எழுந்தது.

எதிர்த்து நின்ற தௌசீப் அகமதுக்கே கோபம். வரி வசூல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"இன்னா சாமுவேலு, பேஜார் பண்றே! உன்னை ஜெயிச்சுட்டு உள்ள போகணும்னு இருந்தேன். இப்படிக் கையில தூக்கிக் கொடுத்தா எனக்கு இன்னா மரியாதை?"

"நீங்க நல்லா கேள்வி கேப்பீங்க பாய். அது போதும்."

வாசல் பக்கம் நின்றிருந்த பூவம்மாள் முன்னால் வந்தாள். சாமுவேலோடு சாக்கடை வேலை பார்த்து, போன வருஷம் இறந்துபோன பச்சையப்பனின் மனைவி.

"எங்களுக்கு ஒரு ஆளு உள்ள இருப்பான்னு நெனச்சோம்ண்ணா. என் குடும்ப பென்ஷன் மனு அங்கயேதான் கெடக்குது. நீ அந்த நாற்காலியில உக்காந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிரும். நீயே ஓடிட்டியே!"

"மனு வரும்போது பாத்துக்கலாம்மா."

"நீ இன்னா பாக்கறது? இனிமே உன்கிட்ட வந்து நின்னா கேளு!"

அவள் விறுவிறுவென்று படி இறங்கிப் போய்விட்டாள். சாமுவேல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

புது வாரியம் வேலூரில் முதல்முறையாகக் கூடியது. நிறுத்தி வைத்திருந்த மனுக்களை விசாரித்தார்கள். பென்ஷன்காரர்களின் நாற்காலியில் தௌசீப் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

பூவம்மாளைக் கூப்பிட்டார்கள்.

"உங்க வீட்டுக்காரர் வாரிசுன்னு அவங்க அம்மா பேரைத்தானே கொடுத்திருக்காரு?" வாரியத் தலைவராக இருந்த பெண் அதிகாரி கேட்டார்.

"வேலைக்குச் சேந்தப்ப கல்யாணம் ஆவலைங்க மேடம். அப்புறம் மாத்தணும்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. மாமியாரும் போய்ட்டாங்க."

"முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் பண்றீங்க. கல்யாணத்தைப் பதிவும் பண்ணல. சரி, நேர்ல பார்த்தவங்க ஒருத்தர் வந்து சாட்சி சொன்னா போதும். யாராவது வந்திருக்காங்களா?"

பூவம்மாள் புடவைத் தலைப்பைக் கசக்கினாள்.

"கூட நின்னவங்க எல்லாம் செத்துட்டாங்க மேடம். ஒருத்தர் இருக்காரு. அவருகிட்ட நான் கோச்சுக்கிட்டேன். கூப்பிடல."

"சாட்சி இல்லன்னா மனுவைத் தள்ளுபடி பண்றதைத் தவிர வேற வழி இல்லம்மா."

தௌசீப்புக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், இந்தம்மா பச்சையப்பனோட சம்சாரம்தான். எங்க ஊருக்கே தெரியும். நான் சொல்றேன், எழுதிக்குங்க."

"கல்யாணத்தைப் பார்த்தீங்களா?"

"பாக்கல. ஆனா..."

"பார்த்திருந்தாலும் நீங்க சொல்ல முடியாது சார். வாரியத்துல உட்கார்ந்திருக்கிறவங்க எந்த மனுவுக்கும் சாட்சி சொல்லக் கூடாது, பரிஞ்சு பேசவும் கூடாது. புது விதி."

"இது இன்னா அநியாயம் மேடம்? யாரு போட்டது?"

"உங்க சங்கம் கேட்டு வாங்கினதுதான். முன்னெல்லாம் உறுப்பினர்கள் தங்களுக்கு வேண்டியவங்களுக்குத் தாங்களே சாட்சி சொல்லி, தாங்களே உத்தரவும் போட்டாங்களாம். அதை ஒழிக்கணும்னு உங்க மேஸ்திரி ஒருத்தர் எங்ககிட்ட சண்டையே போட்டாரு."

தௌசீப் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அப்போது கதவருகே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"மேடம், உள்ள வரலாங்களா? பஸ்ஸு லேட்டாயிடுச்சு. பச்சையப்பன் தாலி கட்டும்போது பக்கத்துல நின்னவன் நான்."

பூவம்மாள் சட்டென்று திரும்பினாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"சாமுவேல்தானே நீங்க? அந்த நாற்காலிக்கு நீங்கதான் வருவீங்கன்னு நாங்க எல்லாரும் நெனச்சோம்."

சாமுவேல் கையைக் கட்டிக்கொண்டு பூவம்மாள் பக்கத்தில் போய் நின்றார்.

"அங்க உக்கார ஆள் இருந்தாங்க மேடம். இங்க வந்து நிக்கத்தான் என்னை விட்டா யாரும் இல்ல."