இடது பொத்தான்

இரண்டு பொத்தான்களையும் இரு கைகளால் சேர்த்து அமுக்கினால்தான் தகடு வெட்டும் அந்த பிரஸ் இறங்கும். கை உள்ளே சிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. அவசரத்துக்கு இடது பொத்தானில் தீக்குச்சியைச் செருகிவிட்டு வேலை பார்த்த சடையப்பனின் இடது கையை அது போன வருடமே வாங்கிக்கொண்டது. ஆனாலும் அவன் வலது பொத்தானைத் தொட்டால் போதும், இடது பொத்தானின் விளக்கும் தானாக எரிந்து பிரஸ் இறங்கிவிடும். பிழைப்பு ஓடிற்று.

பிரஸ்ஸை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டைப் பழுது பார்க்க வந்த ஷர்மிளா இடது பொத்தானின் ஒயரையே கழற்றிப் பார்த்தாள். விளக்கு அணையவில்லை.

"பேயெல்லாம் இல்லீங்கண்ணா. போர்டுல இந்த ஒயர் சேர்ற பின்னு அந்தரத்துல கெடக்குது, காத்துல எந்த சிக்னல் வந்தாலும் கை வந்துருச்சுன்னு நெனைச்சுக்குது. புரோகிராம்ல ஒரு வரி போட்டாச் சரியாயிரும்."

"போடாத கண்ணு. அது எரியலைன்னா என்னைய வேலைக்கு வெச்சுக்க மாட்டாங்க."

"எரிஞ்சா மிச்சக் கையும் போயிருமுங்கண்ணா."

அவள் வரியை எழுதி போர்டில் ஏற்றினாள். விளக்கு சட்டென்று அணையவில்லை. மங்கி மங்கித்தான் போனது. மடித்துக் குத்திய சட்டைக்கைக்கு அப்பால், ஒன்றுமே இல்லாத இடத்தில், எதையோ இறுகப் பற்றியிருந்த விரல்களை யாரோ ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது சடையப்பனுக்கு நன்றாகத் தெரிந்தது.