வாய் திறக்காத பிள்ளை

“மூணு தடவை எதுக்கு டாக்டர்? ரெண்டா முடிச்சுக்கலாமே.”

என் மகனுக்கு இருபத்து மூன்று நாள் வயது. அவனுடைய ரத்தத்துக்கு நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஒப்புதல் தாளை நீட்டியபடி நின்றார். கத்தி வைக்கும் முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் அரை மில்லி ரத்தம். ஆராய்ச்சிக்காம். இஷ்டமில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாமாம்.

பையனுக்கு இரைப்பையின் வாசல் இறுகிப்போயிருந்தது. குடித்த பாலையெல்லாம், அனுப்பிய சரக்கு பிடிக்காத கடைக்காரன் மாதிரி, அப்படியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். எனக்கும் அதே வயதில், அதே இடத்தில், அதே ஆபரேஷன். பரம்பரைச் சொத்து.

என் வயிற்றுத் தழும்பை வைத்தே அப்பா எங்கள் துணிக்கடையில் பாதி வியாபாரத்தை முடித்திருக்கிறார். விலையைக் குறைக்கச் சொல்லி யாராவது என்னிடம் மல்லுக்கட்டினால் போதும், கல்லாவிலிருந்து குரல் வரும்: “பச்சைப் புள்ளையா இருக்கறப்ப கத்தி வச்சாங்க, அப்பவே வாயத் தொறக்கல. இவன்கிட்டயா பேரம் பேசறீங்க?”

நானும் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டுதான் வந்தேன். லாபமோ நஷ்டமோ, என் முகத்தில் இதுவரை ஒருவரும் படித்ததில்லை.

இப்போதும் அப்பா வராந்தாவின் அந்தக் கோடியில் காவலாளியைப் பிடித்து உட்காரவைத்து அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ரத்தத்துல அப்படி என்ன டாக்டர் தெரியும்?”

“வலி தெரியும். வலிச்சா சில ஹார்மோன் சட்டுனு ஏறும். குழந்தையால வாயத் தொறந்து சொல்ல முடியாதே.”

“அழுதா தெரிஞ்சுடுமே?”

“அழ முடியாது. அசையாம இருக்க ஒரு மருந்து போடுவோம். முகம்கூட அசையாது. வலி தெரியாம இருக்க இன்னொரு மருந்து, அது தனி. அது போதுமான்னு ரத்தத்தைத்தான் கேட்கணும்.”

பிறகு, ஏதோ பழைய கணக்கை மூடுகிறவர் போலச் சொன்னார்: “முன்னெல்லாம் நிறைய இடத்துல அசையாம இருக்கற அந்த முதல் மருந்து மட்டும்தான். பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாதுன்னு நினைச்சாங்க. முப்பது, நாப்பது வருஷம் முன்னாடி.”

எனக்கு வயது முப்பத்தொன்பது.

என் கை தானாகவே சட்டைக்கு மேல் போய் வயிற்றில் நின்றது.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

“எத்தனை தடவை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. அந்த ரெண்டாவது மருந்து மட்டும் கொஞ்சம் தாராளமா...”

“தாராளமா போட மாட்டேன்,” என்றார். “சரியா போடுவேன்.”

கறாரான ஆளைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு மணி நேரம் கழித்து என் மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றாள் நர்ஸ். கதவு மூடியது. அப்பாவும் நானும் வெளியே.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அழுகை. முதலில் மெல்லிசாக, பிறகு ஊரைக் கூட்டுகிற மாதிரி.

அதைவிட நல்ல சத்தம் அன்றுவரை என் காதில் விழுந்ததில்லை.

அப்பாவின் முகம்தான் சுருங்கியது.

“என்னடா, இப்படிக் கத்தறான்? பசியா, வலியா?”

“பசியாத்தான் இருக்கும்ப்பா. மூணு நாளா பட்டினி.”

அவர் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். காவலாளியிடம் பேசிய குரல் இல்லை அது.

“உனக்குச் செஞ்சப்ப நான் இப்படித்தான் கதவுல காத வச்சுக்கிட்டு நின்னேன். ஒரு முனகல் இல்ல. புள்ளைக்கு வலிக்கலடா, வலிக்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீ மட்டும் அன்னைக்கு அழுதிருந்தா, நான் அங்கேயே விழுந்திருப்பேன்.”

என்னைப் பார்க்காமலே கேட்டார்:

“வலிச்சிருக்காதுல்ல?”

இத்தனை வருஷமும் கல்லாவிலிருந்து அவர் ஊரைக் கேட்டது இதைத்தான் போலிருக்கிறது.

“சேச்சே. வலிச்சிருந்தா சும்மா இருந்திருப்பேனா?” என்றேன்.

அப்பா என் முகத்தை உற்றுப் பார்த்தார். ஐம்பது வருஷம் முகம் பார்த்தே விலை சொன்ன மனிதர். ஒன்றும் கிடைக்காமல், நிம்மதியாகத் திரும்பி உட்கார்ந்தார்.

நல்ல வேளை, அந்த நேரத்தில் யாரும் என்னிடம் ரத்தம் எடுக்கவில்லை.