கவிழ்ந்த கல்

புருஷன் பர்னபாஸ் கையில் அந்த நீலப் பெயிண்டைக் கொடுத்திருக்கவே கூடாது என்று விஜிலாவுக்குப் பட்டது.

பள்ளிக்கூடத்துச் சுவர் உப்புக்காற்றில் காரை உதிர்ந்து, பார்க்கச் சகிக்காமல் கிடந்தது. ஊரே சேர்ந்து அதில் கடலை வரைவது என்று ஜாய் டீச்சர் ஏற்பாடு செய்திருந்தார். மேலே வானமும் வள்ளங்களும் இளவட்டங்களுக்கு. நடுவில் மீன்கள் பிள்ளைகளுக்கு.

அடிக்கடலைப் பர்னபாஸ்தான் வரைய வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். வந்திருந்தவர்களில் கடலடிக்கு இறங்கிச் சங்கு குளித்தவன் அவன் ஒருவன்தான்.

அவன் சுவரோரம் தரையில் உட்கார்ந்தான். இடது காலை மடக்க வராது. நீட்டிக்கொண்டான்.

விஜிலாவுக்குப் பெயிண்ட் கலக்கும் வேலை. அவள் கலக்கிய பச்சை கட்டி தட்டிப்போயிற்று. கண்ணெல்லாம் அவன் மேலேயே இருந்தது.

சங்கெடுக்க இறங்கியவன் ஒருநாள் அவசரமாக மேலே வந்ததில் அந்தக் கால் மரத்துப்போனது. இன்னொரு தடவை இறங்கினால் ஆளே மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்த அன்றே, மகள் ஜெஸ்மியின் தலையில் கை வைத்து, இனிமேல் இறங்க மாட்டேன் என்றான் பர்னபாஸ்.

அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை.

வீட்டில் யாரும் கடலைப் பற்றிப் பேசுவதில்லை. மீன் வாங்கக்கூட விஜிலா கரைக்குப் போவதில்லை. தெருவில் கூவிக்கொண்டு வருவதை வாங்குவதோடு சரி.

இங்கே சுவரில் மணல் வரிவரியாக விரிந்துகொண்டிருந்தது. பாசி ஆடியது. பாறை இடுக்கில் ஒரு விலாங்கு தலை நீட்டியது. பிள்ளைகள் அவனைச் சுற்றி மொய்த்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்.

சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் அவளைப் பயமுறுத்தியது. இன்றைக்கு ராத்திரி தூங்க மாட்டான். நாளைக்குக் கரைப் பக்கம் நடப்பான். அடுத்த வாரம் எவனாவது வள்ளத்தில் ஒரு ஆள் குறைகிறது என்பான். அவள் மனசு அதற்குள் அவ்வளவு தூரம் ஓடிவிட்டது.

தலைவலிக்கிறது என்று சொல்லி அவனை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று நினைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னால் போய் நின்றாள்.

அவன் சாம்பல் நிறத்தில், ஓட்டை ஓட்டையாக முக்கோணக் கூடுகளை வரைந்துகொண்டிருந்தான். இது என்னப்பா என்று ஜெஸ்மி கேட்டாள்.

"மீனுக்குக் கட்டிக் குடுத்த வீடு. இந்தா, இந்தக் கல்லு போடும்போதே கவுந்துட்டு. சிங்கி எறா இதுக்குள்ளதான் வந்து அடையுது. கைய விட்டா முள்ளு கிழிச்சிரும்."

விஜிலா அப்படியே நின்றாள்.

மீன் பெருகட்டும் என்று அந்த சிமென்ட் கூடுகளைக் கடலில் கொண்டுபோய்ப் போட்டது இந்த ஈஸ்டர் கழிந்த பிறகுதான். லாரிகள் அவர்கள் தெரு வழியாகத்தான் போயின. ஜெஸ்மியைத் தூக்கிவைத்துக் காட்டியதே அவள்தான். எல்லாம் நிமிர்ந்து, புதுசாக, வெள்ளையாக இருந்தன.

சுவரில் இருந்தவற்றில் பாசி ஏறியிருந்தது. ஒன்றன் மூலையில் கிழிந்த வலை மாட்டியிருந்தது. ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

தூரிகை பிடித்த அவன் கையைப் பார்த்தாள். ஐஸ் பாளம் கிழித்துவிட்டது என்று போன வாரம் சொன்னானே, மணிக்கட்டில் அந்தக் கோடுகள் இன்னும் ஆறவில்லை.

நிழல் தட்டி பர்னபாஸ் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, தான் வரைந்ததைப் பார்த்தான். தூரிகையிலிருந்து சாம்பல் பெயிண்ட் அவன் காலில் சொட்டியது. அவனுக்கு அது தெரியவில்லை.

"நாளைக்கும் உண்டா?" என்று கேட்டாள் விஜிலா.

"இல்லக்கா, இன்னைக்கே முடிஞ்சிரும்" என்றார் பக்கத்து ஏணியில் நின்ற ஜாய் டீச்சர்.

பர்னபாஸ் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, மணிக்கட்டை மடிக்குள் மறைத்துக்கொண்டான்.